நெடுநேரச் சூதாட்டம்: தாங்குதிறன், அதிர்ஷ்டம், உத்தி

நெடுநேரச் சூதாட்டம் என்பது பல மணி நேரமோ பல நாட்களோ தொடர்ந்து பணம் வைத்து ஆடப்படும் ஆட்டத்தைக் குறிக்கும். பகடை, சீட்டு, ரூலட் சக்கரம் எனக் கருவி எதுவாக இருந்தாலும், இத்தகைய ஆட்டத்தில் வென்றவரைப் பற்றிப் பேசும்போது மூன்று காரணங்கள் சொல்லப்படுவது வழக்கம். அவர் சோர்ந்து எழாமல் உட்கார்ந்திருந்தார். அதிர்ஷ்டம் அவர் பக்கம் இருந்தது. அவருக்குச் சரியான உத்தி தெரிந்திருந்தது. இந்த மூன்றுக்கும் இடையே உள்ள உறவைக் கணிதவியலாளர்களும் சூதாடிகளும் 17ஆம் நூற்றாண்டிலிருந்து ஆராய்ந்து வந்துள்ளனர். அவர்கள் கண்ட முடிவைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்: ஆட்டம் நீள நீள அதிர்ஷ்டத்தின் பங்கு குறைகிறது, சிறிதளவேனும் சாதகம் யாரிடம் உள்ளதோ அவர் பக்கம் முடிவு சாய்கிறது. எனவே தாங்குதிறன் சாதகம் உள்ளவருக்குத்தான் துணை. மற்றவர்களுக்கு அது இழப்பை உறுதி செய்யும் வழி. இந்த உண்மை தெரியவந்த வரலாற்றை இக்கட்டுரை விவரிக்கிறது.

பாதியில் நின்ற ஆட்டம்

இத்தாலிய மருத்துவரும் கணிதவியலாளருமான சிரோலமோ கார்டானோ (1501–1576) தம் வாழ்நாளில் பல ஆண்டுகள் பகடையும் சீட்டும் ஆடியவர். பகடையின் வாய்ப்புகளை எண்ணிக் கணக்கிடும் நூல் ஒன்றை அவர் எழுதினார். அது அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு 1663இல்தான் அச்சேறியது. அதற்குள் பிரான்சில் வேறு இருவர் இத்துறைக்கு அடித்தளம் இட்டிருந்தனர்.

1654இல் செவாலியர் தெ மேரே என்று அறியப்பட்ட அந்துவான் கோம்போ, சூதாட்டம் தொடர்பான சில கேள்விகளைப் பிலேசு பாஸ்கலிடம் கேட்டார். அவற்றுள் ஒன்று: இருவர் ஆடும் ஆட்டம் முடிவதற்கு முன்பே நிறுத்தப்பட்டால் பந்தயப் பணத்தை எப்படிப் பங்கிடுவது? பாஸ்கல் இதைப் பற்றிப் பியேர் தெ பெர்மாவுடன் கடிதம் வழி விவாதித்தார். அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டில், முதலில் மூன்று சுற்றுகளை வெல்பவருக்கே வெற்றி. இருவரும் தலைக்கு 32 பொற்காசுகள் வைத்துள்ளனர். ஒருவர் இரண்டு சுற்றும் மற்றவர் ஒரு சுற்றும் வென்ற நிலையில் ஆட்டம் நிற்கிறது. அடுத்த சுற்றில் முதலாமவர் வென்றால் 64 காசும் அவருக்கே. தோற்றால் இருவரும் சமநிலைக்கு வருவர். அப்போதும் அவருக்கு 32 காசு உரியது. ஆகவே அந்த 32 காசு அவருக்கு உறுதி. மீதி 32 காசில் இருவருக்கும் சம உரிமை. முதலாமவருக்கு 48, மற்றவருக்கு 16 என்பது தீர்வு.

இனி நடக்கவிருக்கும் சுற்றுகளையும் கணக்கில் கொண்டு ஓர் ஆட்டத்தின் இன்றைய மதிப்பைச் சொல்லலாம் என்பதே இத்தீர்வின் புதுமை. நிகழ்தகவுக் கோட்பாட்டின் தொடக்கமாக இக்கடிதப் போக்குவரத்து கருதப்படுகிறது.

தெ மேரேயின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் மற்றொரு கணக்கும் உண்டு. ஒரு பகடையை 4 முறை உருட்டினால் ஒரு முறையாவது ஆறு விழும் வாய்ப்பு 51.8 விழுக்காடு. இரு பகடைகளை 24 முறை உருட்டினால் ஒரு முறையாவது இரட்டை ஆறு விழும் வாய்ப்பு 49.1 விழுக்காடு. ஒன்று இலாபம் தரும் பந்தயம். மற்றொன்று நட்டம் தரும் பந்தயம். ஒரு மாலைப் பொழுதில் ஆடுபவருக்கு இந்த வேறுபாடு கண்ணில் படாது. பல்லாயிரம் முறை ஆடும்போதுதான் அது வெளிப்படும்.

சூதாடியின் அழிவு

டச்சு அறிஞர் கிறித்தியான் ஹைகன்சு 1657இல் பகடை ஆட்டக் கணக்குகள் பற்றி ஒரு சிறு நூலை வெளியிட்டார். அதன் இறுதியில் வாசகர்களுக்கு ஐந்து கணக்குகளை விட்டுச்சென்றார். ஐந்தாவது கணக்கு பாஸ்கலிடமிருந்து வந்தது. ஆளுக்கு 12 காசுகளுடன் இருவர் மூன்று பகடைகளை உருட்டுகின்றனர். கூட்டுத்தொகை 14 வந்தால் ஒருவருக்கும், 11 வந்தால் மற்றவருக்கும் எதிராளியிடமிருந்து ஒரு காசு கிடைக்கும். ஒருவர் கை வெறுமையாகும் வரை ஆட்டம் நிற்காது.

மூன்று பகடைகளில் 14 வருவதற்கு 15 வழிகளும் 11 வருவதற்கு 27 வழிகளும் உள்ளன. அதாவது, ஒவ்வொரு காசும் கைமாறும்போது இருவரின் வாய்ப்பு விகிதம் 5க்கு 9. ஒரு காசுக்கான ஆட்டம் என்றால் பலவீனமானவருக்கும் நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் 12 காசுகளும் தீரும் வரை ஆடினால் விகிதம் 24,41,40,625க்கு 2,82,42,95,36,481 என்று ஆகிறது. ஏறத்தாழ 1க்கு 1,157. ஆட்டத்தின் நீளம் ஒரு சிறு சாதகத்தை ஏறக்குறைய உறுதியான வெற்றியாக மாற்றிவிடுகிறது. இக்கணக்கும் இதன் வழிவந்தவையும் ‘சூதாடியின் அழிவு’ என்ற தலைப்பில் இன்றும் கற்பிக்கப்படுகின்றன.

இதற்குத் துணையான பெரும் எண்களின் விதியை யாக்கோப் பெர்னூலி நிறுவினார். அது அவர் இறந்த பிறகு 1713இல் வெளியானது. முயற்சிகளின் எண்ணிக்கை கூடக்கூட, கிடைக்கும் சராசரி முடிவு உண்மையான நிகழ்தகவை நெருங்கும் என்பது அதன் சாரம்.

ரூலட்டும் பூச்சியமும்

இந்த உண்மையை வணிகமாக ஆக்கியவை ஐரோப்பியச் சூதாட்ட விடுதிகள். பிரான்சில் பொதுச் சூதாட்ட இல்லங்கள் 1837ஆம் ஆண்டின் இறுதியுடன் மூடப்பட்டன. பிளாங்க் சகோதரர்களான பிரான்சுவாவும் லூயியும் செருமானிய நகரான ஹோம்பர்க்கில் விடுதி தொடங்கினர். அங்கு ஒற்றைப் பூச்சியம் கொண்ட ரூலட் சக்கரத்தை அறிமுகம் செய்து ஆட்டக்காரர்களை ஈர்த்தனர். 1863இல் பிரான்சுவா பிளாங்க் மொனாக்கோவின் சூதாட்ட உரிமையைப் பெற்றார். மான்டே கார்லோ உலகப் புகழ் பெற்றது அதன் பிறகே.

ஒற்றைப் பூச்சியச் சக்கரத்தில் 37 குழிகள் உள்ளன: 18 சிவப்பு, 18 கறுப்பு, 1 பூச்சியம். சிவப்பின் மீது பணம் வைப்பவர் வெல்லும் வாய்ப்பு 37இல் 18. விடுதியின் சாதகம் 2.7 விழுக்காடு மட்டுமே. பூச்சியம் விழுந்தால் பந்தயம் முழுவதும் விடுதிக்கே என்று கொண்டு, 100 காசுகளை 200 ஆக்க விரும்பும் மூவரைப் பார்ப்போம்.

முதலாமவர் 100 காசுகளையும் ஒரே பந்தயமாக வைக்கிறார். அவர் வெல்லும் வாய்ப்பு 48.6 விழுக்காடு. இரண்டாமவர் 10 காசு வீதம் வைத்து ஆடுகிறார். அவர் இலக்கை எட்டும் வாய்ப்பு 36.8 விழுக்காடாகக் குறைகிறது. மூன்றாமவர் எச்சரிக்கையானவர்; ஒவ்வொரு காசாக வைத்துப் பொறுமையுடன் ஆடுகிறார். அவருடைய வாய்ப்பு 0.45 விழுக்காடு; அதாவது 224 பேரில் ஒருவர்தான் வெல்வார். அவருடைய ஆட்டம் சராசரியாக 3,600 சுழற்சிகளுக்கும் மேல் நீடிக்கும். மணிக்கு 40 சுழற்சி என்றால் 90 மணி நேரத்துக்கும் அதிகம்.

சூதாட்ட விடுதியில் பொறுமை எவ்வளவு ஏமாற்றுகிறது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. மூன்றாமவர் மிகவும் நிதானமாகத் தோன்றுகிறார். மிகவும் உறுதியாகத் தோற்பவரும் அவரே.

இரட்டிப்பு முறையும் 1913ஆம் ஆண்டு இரவும்

நீண்ட ஆட்டத்தில் விடுதியை வெல்ல மிகுதியாகப் பின்பற்றப்பட்ட உத்தி ‘மார்ட்டிங்கேல்’ எனப்படும் இரட்டிப்பு முறை. ஒரு காசு தோற்றால் அடுத்து 2, பின்னர் 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். என்றாவது ஒருமுறை வென்றால் இழந்தது அனைத்தும் மீண்டு, ஒரு காசு இலாபமும் கிடைக்கும். பத்து முறை இரட்டிக்கும் அளவுக்கு, அதாவது 1,023 காசுகள், கையில் உள்ளவருக்கு இது பாதுகாப்பான வழி போலவே தெரியும். தொடர்ந்து பத்து முறை தோற்கும் வாய்ப்பு 784இல் 1 மட்டுமே. ஆனால் 784 முயற்சிகளில் சராசரியாக 783 காசு இலாபமும், ஒரே அடியில் 1,023 காசு நட்டமும் ஏற்படும். இந்த உத்தி இழப்பை நீக்குவதில்லை. தள்ளிப்போட்டு ஒன்றாகத் திரட்டித் தருகிறது.

1913 ஆகஸ்டு 18 அன்று மான்டே கார்லோவில் ஒரு ரூலட் சக்கரத்தில் தொடர்ந்து 26 முறை கறுப்பு விழுந்ததாகக் கூறப்படுகிறது. அப்படி நிகழும் வாய்ப்பு 13 கோடியே 68 லட்சத்தில் ஏறத்தாழ ஒன்று. ஒவ்வொரு முறை கறுப்பு விழும்போதும், அடுத்தது சிவப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்பிய கூட்டம் மேலும் மேலும் பணம் வைத்து இழந்தது. சக்கரத்துக்கு நினைவாற்றல் இல்லை. 25 கறுப்புகளுக்குப் பிறகும் அடுத்த கறுப்பின் வாய்ப்பு 37இல் 18தான். கடந்த முடிவுகள் அடுத்த முடிவைச் சரிசெய்யும் என்று எண்ணும் இந்தத் தவறு ‘சூதாடியின் பிழை’ எனப்படுகிறது.

தஸ்தயெவ்ஸ்கியின் நம்பிக்கை

மனவுறுதி இருந்தால் விடுதியை வெல்லலாம் என்று நம்பியவர்களுள் மிகவும் அறியப்பட்டவர் உருசிய எழுத்தாளர் பியோதர் தஸ்தயெவ்ஸ்கி. 1863இல் வீஸ்பாடன் நகரில் அவருக்குப் பெரிய வெற்றி ஒன்று கிடைத்தது. பதற்றமின்றி, தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டு ஆடினால் தோல்வியே இல்லை என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1865இல் அதே நகரில் கையில் இருந்த அனைத்தையும் இழந்தார். 1866இல், பதிப்பாளருடன் செய்த கடுமையான ஒப்பந்தத்தின் கெடுவுக்குள் முடிப்பதற்காக, ‘சூதாடி’ நாவலைச் சுருக்கெழுத்தாளர் அன்னாவிடம் 26 நாட்களில் சொல்லி எழுதுவித்தார். 1867 தொடக்கத்தில் அன்னாவையே மணந்தார். அவ்வாண்டுக் கோடையில் பாடன்-பாடனில் மனைவியின் நகைகள் அடகுக் கடைக்குப் போயின. 1871இல் வீஸ்பாடனில் ஆடிய ஆட்டத்துடன் அவர் சூதாட்டத்தை நிறுத்தினார்.

ஒவ்வொரு தோல்விக்கும் தம் மன அடக்கக் குறைவே காரணம் என்று அவர் எண்ணினார். அந்த அடக்கம் முழுமையாக இருந்திருந்தாலும் பூச்சியம் தன் பங்கை எடுத்திருக்கும். தன்னையே குற்றம் சாட்டும் இந்த எண்ணம் அவரை மீண்டும் மேசைக்கு அழைத்துச் சென்றது. அடுத்த முறை இன்னும் உறுதியாக இருந்தால் போதும் என்று தோன்றச் செய்வது அதுதான்.

இந்த மனநிலை பழங்காலத்திலேயே உணரப்பட்ட ஒன்று. திருக்குறளின் 94ஆம் அதிகாரமான ‘சூது’, தோல்வியை விட வெற்றியையே முதலில் எச்சரிக்கிறது. சூதில் கிடைக்கும் வெற்றியை, மீன் இரையென்று நம்பி விழுங்கும் தூண்டில் முள்ளுக்கு அது ஒப்பிடுகிறது. தஸ்தயெவ்ஸ்கிக்கு 1863ஆம் ஆண்டு வெற்றி அவ்வாறே அமைந்தது.

வங்கியை உடைத்தவர்கள்

ஒரு மேசைக்கு ஒதுக்கப்பட்ட பணம் தீர்ந்து, புதிய பணம் வரும்வரை ஆட்டம் நிறுத்தப்படுவதை ‘வங்கியை உடைத்தல்’ என்பர். 1891இல் சார்லசு வெல்சு என்ற ஆங்கிலேயர் மான்டே கார்லோவில் பலமுறை இதைச் செய்து புகழ்பெற்றார். அவரைப் பற்றிப் பாடலும் எழுந்தது. தம்மிடம் தனி உத்தி உள்ளதென அவர் சொல்லிக்கொண்டார். பின்னர் வந்த ஆட்டங்களில் தோற்றார். பொய்க் கண்டுபிடிப்புகளைக் காட்டிப் பலரிடம் பணம் பெற்ற மோசடிக்காக 1893இல் எட்டு ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

யார்க்சயர் பகுதியைச் சேர்ந்த துணியாலைத் தொழில் அறிந்த சோசப் சாகர் வேறு வழியில் சென்றார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர் மான்டே கார்லோவுக்குப் போனபோது, உதவியாளர்களை அமர்த்திப் பல நாட்கள் சக்கரங்களின் முடிவுகளைக் குறித்து வைத்தார். எந்த இயந்திரமும் முற்றிலும் சீராக இருக்காது என்பது அவர் தொழிலில் கற்ற பாடம். ஒரு சக்கரத்தில் சில எண்கள் மட்டும் அளவுக்கு மீறி வருவது தெரிந்ததும் அவற்றில் பணம் வைத்துப் பெருந்தொகை வென்றார். விடுதி சக்கரங்களின் அமைப்பை மாற்றியதும், தம் சாதகம் போய்விட்டதை உணர்ந்து ஊர் திரும்பினார். 1947இல் அமெரிக்காவின் ரீனோ நகரில் மாணவர்கள் ஆல்பர்ட் ஹிப்சும் ராய் வால்ஃபர்டும் இதே முறையில் வென்றனர்.

வெல்சு ஆடியபோது காலம் அவருக்கு எதிராக இருந்தது. சாகருக்கோ, பழுதுள்ள சக்கரம் கிடைத்தவுடன், காலம் துணையானது. அவருடைய பொறுமை பந்தயம் வைப்பதற்கு முன்பு, குறிப்பெடுப்பதில் செலவானது.

எண்ணிக்கையும் கைமுதலும்

பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில் ஏற்கெனவே வெளிவந்த சீட்டுகள் அடுத்து வரும் சீட்டுகளின் வாய்ப்பை மாற்றுகின்றன. ரூலட்டுக்கு இல்லாத ‘நினைவாற்றல்’ இதற்கு உண்டு. கணிதப் பேராசிரியர் எட்வர்டு தோர்ப் ஐபிஎம் 704 கணினியின் துணையுடன் இதைக் கணக்கிட்டு, சீட்டுகளை எண்ணும் முறையை உருவாக்கினார். இருவர் தந்த 10,000 டாலரை நெவாடாவில் சுமார் 30 மணி நேர ஆட்டத்தில் 21,000 டாலராக்கினார். 1962இல் அவருடைய நூல் வெளியானது. 1964இல் லாஸ் வேகாஸ் விடுதிகள் பிளாக்ஜாக் விதிகளைக் கடுமையாக்கின. ஆட்டக்காரர்கள் விலகியதால் விரைவிலேயே பழைய விதிகளுக்குத் திரும்பின.

சாதகம் இருந்தும் அழிவு வரலாம் என்பதைத் தோர்ப் அறிந்திருந்தார். எவ்வளவு பந்தயம் வைப்பது என்பதற்கு, பெல் ஆய்வகத்தின் ஜான் கெல்லி 1956இல் வெளியிட்ட விதியை அவர் பயன்படுத்தினார். வைத்த தொகைக்குச் சமமான தொகை கிடைக்கும் பந்தயத்தில் 2 விழுக்காடு சாதகம் இருந்தால், கைமுதலில் 2 விழுக்காட்டை மட்டும் வைக்க வேண்டும். அதைப் போல் இரு மடங்குக்கும் மேல் தொடர்ந்து வைத்தால், சாதகம் இருந்தும் கைமுதல் காலப்போக்கில் தேயும். நீண்ட ஆட்டத்தில் முதல் உத்தி, ஆட்டத்தில் நீடித்திருக்கப் போதிய பணத்தை மிச்சம் வைப்பதே.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, டாலசு நகர வங்கியாளர் ஆண்டி பீல் 2001 முதல் லாஸ் வேகாஸில் ஆடிய போக்கர் ஆட்டங்கள். பெரும் செல்வரான அவர் பந்தயத் தொகையை மிக உயர்த்தினார். திறமையில் மேம்பட்ட தொழில்முறை ஆட்டக்காரர்களும் சில மோசமான மணி நேரங்களில் கைமுதலை முழுதும் இழக்கக்கூடும் என்ற நிலை வந்தது. அதனால் அவர்கள் தங்கள் பணத்தை ஒன்றாகத் திரட்டி, தங்களில் ஒருவரை மாற்றி மாற்றி அவருடன் ஆட வைத்தனர். 2006 பிப்ரவரியில் அவர்கள் சார்பில் பில் ஐவி மூன்று நாட்களில் 1 கோடியே 60 லட்சம் டாலருக்கும் மேல் வென்றார்.

உடலின் எல்லை

2010 சூனில் லாஸ் வேகாஸின் பெலாஜியோ விடுதியில் பில் லாக் என்ற ஆட்டக்காரர் 115 மணி நேரம் போக்கர் ஆடிச் சாதனை படைத்தார். அவருக்குக் கிடைத்த இலாபம் 6,766 டாலர். மணிக்கு 59 டாலருக்கும் குறைவு. இது தாங்குதிறனின் சாதனைதான். ஆனால் தூக்கமின்மை ஆட்டக்காரரின் கணிப்பையும் பாதிக்கிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர் ஆய்வாளர்களும் இணைந்து 2011இல் வெளியிட்ட மூளை ஆய்வில், ஓர் இரவு விழித்திருந்தவர்கள் இழப்பைக் குறைக்கும் தேர்வுகளிலிருந்து ஆதாயத்தைப் பெருக்கும் தேர்வுகளுக்கு நகர்வது காணப்பட்டது. விடியற்காலையில் மேசையில் இருப்பவர் மாலையில் அமர்ந்த அதே ஆட்டக்காரர் அல்லர்.

சோர்வே இல்லாத ஆட்டக்காரர் வந்தால் என்ன ஆகும் என்பது 2017 சனவரியில் தெரிந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகம் உருவாக்கிய லிப்ராட்டசு என்ற கணினி நிரல், பிட்சுபர்க்கில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களுடன் 20 நாட்களில் 1,20,000 ஆட்டங்கள் ஆடியது. அதிர்ஷ்டத்தின் பங்கைக் குறைப்பதற்காக, ஒருவருக்கு வந்த சீட்டுகள் மற்றோர் அறையில் எதிர்ப்பக்கத்துக்கு வழங்கப்பட்டன. பகலில் மனிதர்கள் கண்டறிந்த ஓட்டைகளை, இரவில் ஒரு மீத்திறன் கணினி அடைத்தது. முடிவில் நிரல் சுமார் 17 லட்சத்து 66 ஆயிரம் டாலர் மதிப்புள்ள வில்லைகளால் முன்னிலை பெற்றது.

தமிழ்நாட்டில் நேரக் கட்டுப்பாடு

ரம்மி பெரிதும் திறமை சார்ந்த ஆட்டம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1967இல் ஆந்திர மாநில வழக்கு ஒன்றில் கூறியது. சென்னை உயர் நீதிமன்றமும் 2023 நவம்பரில், தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுத் தடைச் சட்டத்தை ஆராய்ந்தபோது ரம்மியையும் போக்கரையும் திறமை ஆட்டங்களாகவே கொண்டது. ஆனால் திறமை ஆட்டத்திலும் ஒவ்வொரு சுற்றுக்கும் நிறுவனம் எடுக்கும் கட்டணம் ரூலட்டின் பூச்சியத்தைப் போன்றது. சம திறமை உள்ள இருவர் நீண்ட நேரம் ஆடினால் இருவருமே இழப்பர்.

2025இல் தமிழ்நாடு கொண்டுவந்த விதிமுறைகள் இக்காரணத்தால் கவனத்துக்குரியவை. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை தடை விதிக்கப்பட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடுபவருக்கு 30 நிமிடங்களுக்கு ஒருமுறை எச்சரிக்கை காட்ட வேண்டும் என்றும் கூறப்பட்டது. 2025 சூனில் சென்னை உயர் நீதிமன்றம் இவ்விதிகளை ஏற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில், திறமை, அதிர்ஷ்டம் என்ற வேறுபாடு பாராமல் இணையப் பண ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

திறமையா அதிர்ஷ்டமா என்று மட்டுமே நெடுங்காலம் கேட்டுவந்த சட்டம், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்றும் கேட்கத் தொடங்கியது இவ்விதிகளில் தெரிகிறது. ஹைகன்சின் 12 காசுக் கணக்கு காட்டியதும் இதையே: சாதகம் எவ்வளவு என்பதைப் போலவே, ஆட்டம் எப்போது நிற்கும் என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது.